வயிறு உப்பிச் செத்த கம்ப்யூட்டர்கள்

பழைய டெஸ்க்டாப் வைத்திருந்த வீடுகளில் இந்தக் காட்சி ஞாபகம் இருக்கும். பட்டனை அழுத்தினால் உள்ளே ஃபேன் அரைச் சுற்று சுற்றிவிட்டு நின்றுவிடும். மறுபடி அழுத்த வேண்டும். ஐந்தாவது, ஆறாவது தடவைதான் எழுந்துகொள்ளும். ஒருமுறை எழுந்துவிட்டால் அன்று முழுக்கச் சமர்த்தாக ஓடும். மறுநாள் காலையில் மறுபடியும் அதே அடம். கடைசியில் மெக்கானிக் வருவார், பின்பக்கம் கையை வைத்துப் பார்ப்பார், "எஸ்எம்பிஎஸ் போயிருச்சு சார்" என்பார்.

(உலகம் முழுக்க 'பவர் சப்ளை' என்று சொல்லப்படும் பெட்டிக்கு நம்மூரில் மட்டும் எஸ்எம்பிஎஸ் என்று ஏன் பெயர் நிலைத்தது என்று யோசித்திருக்கிறீர்களா? முழு கேபினட்டையும் 'சிபியு' என்று தப்பாகச் சொல்லும் நாம், இந்த ஒன்றை மட்டும் டெக்னிக்கலாகச் சரியாகச் சொல்கிறோம் :-) )

நான் படிப்பது பி.காம். எலக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால் சிரிக்காமல் கடைசி வரை வாருங்கள். ஏனென்றால் எஸ்எம்பிஎஸ் கெட்டுப்போகும் கதையின் நடுவில் ஒரு திருட்டுக் குற்றச்சாட்டு, ஒரு பெரிய கம்பெனியின் வாரண்டிக் கணக்கு, ஒரு வழக்கு எல்லாம் இருக்கின்றன. அதில் பாதி எங்கள் சிலபஸ்.

முதலில் அந்தப் பெட்டி எப்படி வந்தது என்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ஆரம்ப காலத்தில் மின்சாரத்தைக் குறைத்துத் தர பெரிய இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் வைப்பார்கள். அதன்பின் மிஞ்சும் வோல்ட்டேஜை வெப்பமாக எரித்துத் தீர்ப்பார்கள். கனம் அதிகம், சூடு அதிகம், வீண் அதிகம். எஸ்எம்பிஎஸ் வேறு வழியில் போகிறது. வீட்டுக் கரண்ட்டை முதலில் டிசியாக மாற்றி, அதை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி அனுப்புகிறது. வேகமாக வெட்டினால் சின்ன டிரான்ஸ்ஃபார்மரே போதும். பெட்டி சிறிதாகிறது, சூடும் குறைகிறது. 1962இல் விண்ணுக்குப் போன டெல்ஸ்டார் செயற்கைக்கோளிலேயே இந்த முறை இருந்தது. ஆனால் அப்போது விலை அதிகம். 1970களில் ராபர்ட் போஷெர்ட் என்ற அமெரிக்கர் இதைக் குறைந்த செலவில் செய்து விற்க ஆரம்பித்தார். 1977இல் வந்த ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு ராட் ஹோல்ட் இதே வகையில் ஒரு சப்ளை வடிவமைத்தார். ஃபேன் இல்லாமல் ஓட வேண்டும் என்பது ஸ்டீவ் ஜாப்ஸின் பிடிவாதம். இன்றைய கம்ப்யூட்டர் எல்லாம் ஹோல்ட்டின் டிசைனைக் காப்பி அடித்தவைதான் என்று ஜாப்ஸ் தன் வாழ்க்கை வரலாற்று நூலில் சொல்லியிருக்கிறார். அது கொஞ்சம் ஓவர். ஹோல்ட் செய்தது நல்ல டிசைன்தான், ஆனால் அந்த வழியில் அவருக்கு முன்பே நிறையப் பேர் நடந்திருந்தார்கள்.

1981இல் வந்த ஐபிஎம் பிசியின் சப்ளை வெறும் 63.5 வாட். இன்றைக்கு ஒரு டியூப் லைட்டும் ஒரு சீலிங் ஃபேனும் சேர்ந்து இழுப்பதைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம். 1984இல் ஏடி மாடலில் 192 வாட் ஆனது. அந்தக் கால ஏடி பெட்டிகளில் மதர்போர்டுக்கு இரண்டு கனெக்டர் போகும். கறுப்பு ஒயர்கள் நடுவில் பக்கத்துப் பக்கத்தில் வரும்படி சொருக வேண்டும். மாற்றிச் சொருகினால் போர்டு காலி. பட்டனும் நிஜ சுவிட்ச். அணைத்தால் உண்மையாகவே அணைந்துவிடும்.

1995இல் இண்டெல் ஏடிஎக்ஸ் என்ற புது அமைப்பைக் கொண்டுவந்தது. ஒரே கனெக்டர், தப்பாகச் சொருகவே முடியாது. இதோடு இன்னொரு மாற்றமும் வந்தது. பட்டன் இனி சுவிட்ச் இல்லை, மதர்போர்டுக்கு ஒரு சைகை அவ்வளவுதான். மதர்போர்டு பச்சை ஒயரைக் கீழே இழுத்தால் சப்ளை எழும். அந்தச் சைகையைக் கேட்டுக்கொண்டு காத்திருக்க யாராவது விழித்திருக்க வேண்டும் அல்லவா? அதற்காக ஊதா ஒயரில் 5 வோல்ட் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் ஷட்டவுன் செய்துவிட்டு ஊருக்குப் போயிருந்தாலும், சுவரில் சுவிட்ச் போட்டிருக்கிற வரை உள்ளே அந்தச் சின்ன சர்க்யூட் இரவும் பகலும் வேலை செய்யும், அதுவும் ஃபேன் ஓடாத பெட்டிக்குள். பல மலிவான சப்ளைகளில் முதலில் செத்தது இந்தக் காவல்காரனின் பக்கத்தில் இருந்த சின்ன கெபாசிட்டர்தான்.

கெபாசிட்டர்! இனி கதாநாயகனும் வில்லனும் இவர்தான். வெட்டி வெட்டி வரும் மின்சாரத்தைச் சீராக்கித் தருவது இவர் வேலை. தண்ணீர்த் தொட்டி மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் விட்டு விட்டுத் தண்ணீர் ஏற்றினாலும் குழாயில் சீராக வருகிறது இல்லையா, அது மாதிரி. அலுமினியத் தாளைச் சுருட்டி, நடுவில் ஒரு திரவத்தில் ஊறிய காகிதத்தை வைத்து, அலுமினிய டப்பாவில் அடைத்து, அடியில் ரப்பர் மூடி போட்டால் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர். உள்ளே ஈரம் இருக்கும் வரைதான் உயிர். சூடு ஏற ஏற ஈரம் குறையும்.

இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. டப்பாமேல் 105 டிகிரி என்று அச்சிட்டிருக்கும். கம்பெனி அந்தச் சூட்டில் 2000 மணி நேரம் என்று உத்தரவாதம் தருவதாக வைத்துக்கொள்வோம். 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது பொதுவான விதி. 65 டிகிரியில் ஓடினால் 40 டிகிரி குறைவு. நான்கு தடவை இரட்டிப்பு, அதாவது 16 மடங்கு, 32,000 மணி நேரம். இடைவிடாமல் ஓடினால் மூன்றரை வருடத்துக்குச் சற்று மேல். நாம் தேய்மானம் போடுகிற மாதிரியே இருக்கிறதல்லவா. ஒழுங்கான கெபாசிட்டர் என்றால் இதுதான் கணக்கு. ஆனால் 1999க்குப் பிறகு வந்த சரக்கில் ஒரு பகுதி இந்தக் கணக்குக்கெல்லாம் கட்டுப்படவில்லை. ஒரு வருடம், இரண்டு வருடத்திலேயே தலை உப்பி வெடித்தது.

அந்தத் தலை உப்புவதற்கும் காரணம் உண்டு. டப்பாவின் மேல்பக்கத்தில் கூட்டல் குறி மாதிரியோ 'கே' எழுத்து மாதிரியோ கீறல் போட்டிருப்பார்கள். உள்ளே வாயு சேர்ந்தால் குண்டு மாதிரி வெடிக்காமல் அந்தக் கீறல் வழியாகக் கிழியட்டும் என்று. நல்ல கெபாசிட்டரின் தலை தட்டையாக இருக்கும். கெட்டதன் தலை பூரி மாதிரி எழும்பி, பழுப்பு நிறத்தில் ஏதோ கசிந்து காய்ந்திருக்கும்.

அந்த வாயு ஏன் வந்தது? அந்த வருடங்களில் பிராசசர்கள் இழுக்கும் கரண்ட் வேகமாக ஏறியது. 2000இல் பெண்டியம் 4 வந்தபோது மதர்போர்டுக்குத் தனியாக நாலு பின் 12 வோல்ட் கனெக்டர் தேவைப்பட்டது. இவ்வளவு கரண்ட்டைச் சீராக்க உள் எதிர்ப்பு மிகக் குறைவான கெபாசிட்டர்கள் வேண்டும். அதை மலிவாகச் செய்ய ஒரு வழி, திரவத்தில் தண்ணீரின் அளவைக் கூட்டுவது. தண்ணீருக்கோ அலுமினியத்தைக் கண்டால் ஆகாது. அரித்து ஹைட்ரஜன் வாயுவை விடும். அதைத் தடுக்கச் சில மருந்துப் பொருட்களைச் சேர்க்க வேண்டும். என்ன பொருள், எவ்வளவு என்பது ஜப்பானியக் கம்பெனிகளின் தொழில் ரகசியம். நம்மூர் மசாலா கம்பெனி மாதிரிதான். பாக்கெட்டில் பெயர் இருக்கும், அளவு இருக்காது.

இங்கேதான் அந்தத் திருட்டுக் கதை வருகிறது. 2002இல் உதிரிபாகத் தொழிலுக்கான ஒரு பத்திரிகை எழுதியது, 2003இல் ஐஈஈஈ ஸ்பெக்ட்ரம் இதழும் விரிவாக எழுதியது. கதை இதுதான். ஜப்பானின் ரூபிகான் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு விஞ்ஞானி சீனாவில் ஒரு கம்பெனிக்கு மாறினார். அங்கே அதே மாதிரித் திரவத்தை உருவாக்கினார். அவருக்குக் கீழே இருந்த சிலர் அந்தச் சூத்திரத்தை எடுத்துக்கொண்டு போய் தைவான் கம்பெனிகளுக்காகத் தயாரித்தார்கள். ஆனால் அவர்கள் கையில் கிடைத்தது பாதிச் சூத்திரம். அரிப்பைத் தடுக்கும் பொருள் அதில் இல்லை. கெபாசிட்டர் முதல் நாள் டெஸ்ட்டில் நன்றாகவே பாஸ் ஆகும். வருடம் போகப் போகத்தான் உப்பும்.

சினிமாவுக்கு ஏற்ற கதை. நான் இதை முழுசாக நம்பவில்லை. அந்த விஞ்ஞானி யார் என்று பெயர் வெளியே வரவில்லை. 2004இல் ஓர் ஆய்வு கெட்டுப்போன கெபாசிட்டர்களின் திரவத்தைப் பிரித்துப் பார்த்தது. ஹைட்ரஜன் வாயு இருந்தது, அரிப்பைத் தடுக்கும் பாஸ்பேட் வகைப் பொருள் இல்லை, நல்ல சரக்கில் அமிலமாக இருக்க வேண்டிய திரவம் காரமாக இருந்தது. ஆக 'சூத்திரம் குறைபாடு' என்பதற்கு ஆதாரம் உண்டு. 'திருடியதால் குறைபாடு' என்பதற்குத்தான் பத்திரிகைச் செய்தியைத் தாண்டி ஒன்றும் இல்லை. காசைக் குறைக்க நினைத்தவன் திருடாமலும் பாதி மருந்தை விட்டிருக்கலாம்.

மதர்போர்டு கம்பெனிகள் அப்போது எப்படி நடந்துகொண்டன என்பது இன்னும் சுவாரஸ்யம். ஏராளமான கம்பெனிகளின் போர்டுகளில் இந்தச் சரக்கு இருந்தது. 'ஆமாம், எங்கள் போர்டில் பிரச்சினை இருக்கிறது' என்று ஆரம்பத்திலேயே வெளிப்படையாக ஒத்துக்கொண்டது தைவானின் ஏபிட். மற்றவர்கள் பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டு வாரண்டியில் வந்ததை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். ஏபிட் 2008 கடைசியில் மதர்போர்டு தொழிலையே விட்டுவிட்டது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு, அதனால் 'நேர்மைக்குக் கிடைத்த பரிசு' என்றெல்லாம் நான் முடிச்சுப் போட மாட்டேன்.

இப்போது எங்கள் பாடத்துக்கு வருகிறேன். டெல்.

2003 மே முதல் 2005 ஜூலை வரை டெல் கம்பெனி 1 கோடியே 18 லட்சம் ஆப்டிபிளெக்ஸ் கம்ப்யூட்டர்களை அனுப்பியது. அலுவலகங்கள், பள்ளிகள், ஆஸ்பத்திரிகள் வாங்கும் மாடல். ஜிஎக்ஸ்270, ஜிஎக்ஸ்280 என்ற இரண்டு மாடல்களும் இதில் பெயர் போனவை, கெட்ட பெயர். கெபாசிட்டர்கள் உப்பின, மெஷின்கள் திடீரென்று அணைந்தன. 2005 அக்டோபர் கடைசியில் டெல் இந்தப் பிரச்சினைக்காகச் சுமார் 30 கோடி டாலரைக் கணக்கில் செலவாக எழுதியது. வகுத்துப் பாருங்கள், மெஷினுக்கு 25 டாலர் சொச்சம். கெட்டுப்போன கெபாசிட்டர் ஒன்றின் விலை நம்ம கேண்டீன் டீ விலைகூட வராது.

கதை அதோடு முடிந்திருக்கலாம். 2007இல் வட கரோலினாவில் இருக்கும் அட்வான்ஸ்டு இண்டர்நெட் டெக்னாலஜிஸ் என்ற கம்பெனி வழக்குப் போட்டது. அவர்கள் வாங்கியது சுமார் 2000 ஆப்டிபிளெக்ஸ். வழக்கின் ஆவணங்கள் 2010இல் வெளியே வந்தன, நியூயார்க் டைம்ஸ் அவற்றைப் படித்து எழுதியது. அதில் இருந்தவற்றைப் படித்தபோது எனக்கு ஆடிட்டிங் வகுப்பில் வராத தூக்கமின்மை வந்தது. சந்தேகத்துக்குரிய மெஷின்களில் மூன்று வருடத்தில் 97 சதவீதம் வரை பழுதாகலாம் என்று ஓர் ஆய்வு டெல்லிடம் இருந்தது. ஆனால் விற்பனைப் பிரிவுக்குப் போன அறிவுரை என்ன தெரியுமா? நீங்களாக இதை வாடிக்கையாளரிடம் எடுத்துச் சொல்லாதீர்கள், அவர்கள் கேட்டால் நிச்சயமில்லை என்பதையே அழுத்திச் சொல்லுங்கள். பழுதான மதர்போர்டுக்குப் பதிலாகப் போட்டுக் கொடுத்த மதர்போர்டும் அதே பழுதுள்ள வகையாக இருந்த சம்பவங்களும் உண்டு. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையில் மெஷின்கள் விழுந்தபோது, அவர்கள் ரொம்பக் கடினமான கணக்குகளைப் போட்டதால்தான் மெஷின் திணறியது என்று பதில் வந்ததாம். கணக்குத் துறை, கணக்கு போடக் கூடாது! இதைவிட ஒன்று இருக்கிறது. இந்த வழக்கில் டெல்லுக்காக வாதாடிய வக்கீல் நிறுவனத்திடமே ஆயிரம் சந்தேக மெஷின்கள் இருந்தன, அவற்றைச் சரிசெய்து தரவும் டெல் தயங்கியது.

டெல் தரப்பையும் சொல்லிவிடுவதுதான் நியாயம். கோளாறு தங்கள் தயாரிப்பில் இல்லை, வாங்கிப் போட்ட உதிரிபாகத்தில், தொழில் முழுக்கப் பலரையும் பாதித்த விஷயம் என்றார்கள். வாரண்டியை நீட்டித்ததாகவும் சொன்னார்கள். இரண்டும் உண்மைதான். 2010 செப்டம்பரில் வழக்கு சமரசமாக முடிந்தது.

பி.காம் நண்பர்களுக்கு ஏஎஸ் 29 ஞாபகம் இருக்கும். பணம் வெளியே போவது பெரும்பாலும் உறுதி, தொகையையும் ஓரளவு மதிப்பிட முடியும் என்றால் 'ஒதுக்கீடு' என்று கணக்கில் எழுத வேண்டும். போனாலும் போகலாம் என்றால் குறிப்பில் மட்டும் சொன்னால் போதும். வாரண்டிதான் எல்லாப் புத்தகத்திலும் முதல் உதாரணம். அமெரிக்காவிலும் கிட்டத்தட்ட இதே விதிதான். டெல் 30 கோடி டாலரைக் கணக்கில் எழுதியது என்றால் பங்குதாரரிடம் 'இது நடக்கும்' என்று சொன்னதாகப் பொருள். வாடிக்கையாளரிடம் சொல்லச் சொன்னதோ 'நிச்சயமில்லை'. ஒரே கம்பெனிக்கு இரண்டு நாக்கு. முதல் நாக்கை அடக்க ஆடிட்டர், பங்குச் சந்தை ஒழுங்குமுறை எல்லாம் இருக்கின்றன. இரண்டாவது நாக்குக்கு யாரும் இல்லை, யாராவது கோர்ட்டுக்குப் போனால்தான் உண்டு. 2000 மெஷின் வாங்கியவர்களால் போக முடிந்தது. ஒன்று வாங்கியவர் என்ன செய்வார்? விண்டோஸ் மேல் பழி போடுவார்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. உப்பிய கெபாசிட்டர் காட்டும் அறிகுறிகள் எல்லாமே வேறு நோயின் அறிகுறிகள் மாதிரியே இருக்கும். நீலத் திரை வந்தால் விண்டோஸ் கோளாறு என்போம். தானாக ரீஸ்டார்ட் ஆனால் வைரஸ். ஹார்டு டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டால் டிஸ்க் போச்சு. எங்கள் உறவினர் வீட்டுப் பெண்டியம் 4 ஒன்றுக்கு இப்படி மூன்று தடவை ஃபார்மட் போட்டு, ஒரு ராம் மாற்றி, அப்புறம்தான் ஒருவர் மூடியைக் கழற்றிப் பார்த்தார். பிராசசர் பக்கத்தில் ஐந்து கெபாசிட்டர்கள் வரிசையாகப் பூரி. ஃபார்மட்டில் போன கல்யாண ஃபோட்டோக்கள் போனவைதான்.

ஆப்பிளும் தப்பவில்லை. 2004, 2005இல் விற்ற ஐமேக் ஜி5 மாடல்களில் சிலவற்றுக்கு வீடியோ, பவர் கோளாறுகளுக்காகத் தனியாக ஓர் இலவசப் பழுதுநீக்கும் திட்டம் அறிவிக்க வேண்டியிருந்தது.

பழைய மெஷினை இன்னும் வைத்திருப்பவர்களுக்காக, அந்தக் கால மெக்கானிக்குகள் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். காலையில் எழாமல் அடம்பிடித்து, சூடானதும் ஒழுங்காக ஓடினால் கெபாசிட்டர் மேல் சந்தேகம் வரட்டும். காயத் தொடங்கிய திரவம் குளிரில் கரண்ட்டை இன்னும் மோசமாகத் தடுக்கும், ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் கொஞ்சம் சூடாகும், அதனால்தான் ஆறாவது தடவை எழுகிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு டார்ச் அடித்து மதர்போர்டில் தலைகளைப் பாருங்கள். அங்கே எல்லாம் தட்டையாக இருந்தால் எஸ்எம்பிஎஸ்தான். அதன் இருபது அல்லது இருபத்துநாலு பின் கனெக்டரைக் கழற்றி, பச்சையையும் ஒரு கறுப்பையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்தால் சப்ளை தனியாக எழும். ஆனால் ஃபேன் சுற்றினால் நல்ல சப்ளை என்று முடிவு கட்டாதீர்கள். ஃபேனுக்கு எந்தக் கரண்ட்டும் போதும். மல்ட்டிமீட்டரும் முழுசாக நம்பத்தக்கதல்ல. 12 வோல்ட்டில் 5 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம், அதற்குள் இருந்தால் மீட்டர் 'சரி' என்று காட்டும். ஆனால் அந்த 12க்குள் இருக்கும் நடுக்கம் மீட்டருக்குத் தெரியாது. 120 மில்லிவோல்ட்டுக்கு மேல் நடுங்கக் கூடாது என்பது விதி, அதைப் பார்க்க ஆசிலோஸ்கோப் வேண்டும். அது இல்லாத ஊரில் ஒரே பரீட்சை, நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றைக் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பது.

பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். நம் 230 வோல்ட் டிசியாகும்போது உச்சத்தில் 325 வோல்ட் ஆகிறது. அது உள்ளே ஒரு குண்டு கெபாசிட்டரில் தேங்கி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில நேரம் இருக்கும். தெரியாமல் கை வைத்தால் உயிருக்கே ஆபத்து.

2007 வாக்கில் இந்தக் கொள்ளைநோய் அடங்கியது. மதர்போர்டுகளில் திரவமே இல்லாத பாலிமர் கெபாசிட்டர்கள் வந்துவிட்டன, உப்புவதற்கு உள்ளே தண்ணீர் இல்லை. எஸ்எம்பிஎஸ் அட்டைப்பெட்டிகளில் '100% ஜப்பானியக் கெபாசிட்டர்' என்று பெருமையாக அச்சிடும் வழக்கமும் இந்த நோய்க்குப் பிறகு பரவியதுதான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். ஆப்டிபிளெக்ஸ்களில் உப்பிய கெபாசிட்டர்களைச் செய்தது தைவான் கம்பெனி இல்லை. நிச்சிகான். ஜப்பானின் மிகப் பெரிய, மிக மதிக்கப்படும் கெபாசிட்டர் கம்பெனிகளில் ஒன்று. திருட்டுச் சூத்திரக் கதையால் விளக்க முடியாத பகுதி இது. அப்புறம், எந்த எஸ்எம்பிஎஸ் வாங்கினாலும், அந்த 325 வோல்ட்டைத் தாங்கும் குண்டு கெபாசிட்டர் மட்டும் இன்றும் பழைய திரவ ஜாதியேதான்.